போக்கிமான் கிரிஸ்டல் பற்றி அறிவோம்!

நம் சுவர் இதழில் வழக்கமாக வானவில், மண்புழு உரம், விண்வெளி வீரர்கள் என்று எழுதுவோம். இந்தத் தடவை நான் எடுத்துக்கொண்டது ஒரு வீடியோ கேம். "படிக்கிற பிள்ளைக்கு கேம் எதுக்கு?" என்று யாரும் அடுத்த தாளுக்கு நகர்ந்துவிட வேண்டாம். இதில் இயற்பியல் இருக்கிறது, கணக்கு இருக்கிறது. கணக்கு வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு நாயும் இருக்கிறது.

போக்கிமான் என்றதும் பலருக்கு டி.வி. கார்ட்டூன்தான் ஞாபகம் வரும். ஆனால் முதலில் வந்தது கேம்தான். 1996 பிப்ரவரி 27 அன்று ஜப்பானில் ரெட், கிரீன் என்று இரண்டு கேசட்டுகளாக வெளியிட்டார்கள். கார்ட்டூன் வந்தது 1997 ஏப்ரலில். கேம் பாய் என்று கையில் பிடித்து விளையாடும் ஒரு சின்ன மெஷின் அப்போது இருந்தது. அதன் முதுகில் கேசட்டைச் சொருகி ஆட வேண்டும். புல்வெளி, குகை, கடல் என்று நடந்து போனால் விதவிதமான பிராணிகள் எதிரே வரும். அவற்றைப் பிடித்து, பழக்கி, மற்றவர்களின் பிராணிகளோடு போட்டியிட வைக்க வேண்டும். மொத்தம் 151 பிராணிகள். ஆனால் ஒரு கேசட்டை மட்டும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பிடிக்கவே முடியாது. ரெட்டில் சில இருக்காது, கிரீனில் சில இருக்காது. பக்கத்து வீட்டுப் பையனிடம் இன்னொரு கேசட் இருந்தால், இரண்டு மெஷினையும் ஒரு கேபிளால் இணைத்து மாற்றிக்கொள்ளலாம். தனியாக உட்கார்ந்து ஆடும் கேமுக்குள் சிநேகிதத்தை நுழைத்த இந்த யோசனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

இதை உருவாக்கியவர் சதோஷி தஜிரி. சின்ன வயசில் பூச்சி பிடிப்பதில் அவருக்குப் பைத்தியம். நாம் பொன்வண்டைப் பிடித்து தீப்பெட்டியில் அடைப்போமே, அதே மாதிரி. கேம் பாய் கேபிளைப் பார்த்ததும் அதற்குள் பூச்சிகள் ஊர்ந்து போவது போல அவருக்குத் தோன்றியதாம்.

நம் இதழின் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய சேதி ஒன்று உண்டு. 1983-ல் தஜிரி 'கேம் ஃப்ரீக்' என்று ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். அது பிரஸ்ஸில் அச்சடித்தது இல்லை. கையால் எழுதி, பிரதி எடுத்து, ஸ்டேப்ளர் பின் அடித்து விற்றது! ஒரு கடையில் அதைப் பார்த்த கென் சுகிமோரி என்ற இளைஞர், இதற்கு நான் படம் போடுகிறேன் என்று வந்து சேர்ந்தார். 1989-ல் அந்தப் பத்திரிகையின் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார்கள். பிறகு வந்த போக்கிமான்களுக்கு உருவம் கொடுத்தவரும் அதே சுகிமோரிதான். ஸ்கெட்ச் பேனா வாங்கக் காசில்லை என்று முனகும் நம் ஒன்பதாம் வகுப்பு ஓவியர்கள் இதைக் கவனிக்கவும்.

இனி தலைப்புக்கு வருகிறேன். 1999 நவம்பரில் கோல்டு, சில்வர் என்று அடுத்த ஜோடி வந்தது. புதிதாக 100 பிராணிகள் சேர்ந்து கணக்கு 251 ஆனது. 2000 டிசம்பர் 14 அன்று அதே கதையை வைத்து, மேலும் பல விஷயங்களைச் சேர்த்து, மூன்றாவதாக ஒரு கேசட் போட்டார்கள். அதுதான் கிரிஸ்டல். ஜப்பானுக்கு வெளியே 2001-ல் வந்தது. கேசட்டே கண்ணாடி மாதிரி நீலமாக, உள்ளே மினுமினு தூள் கலந்தாற்போல இருக்கும்.

இப்படி மூன்றாவதாகப் போடுவதை 'மேம்படுத்திய பதிப்பு' என்று சொல்லலாம். நமக்கும் இது புதிதில்லை. பத்தாம் வகுப்பு கைடு வருஷா வருஷம் 'திருத்திய புதிய பதிப்பு' என்று அட்டையில் போட்டுக்கொண்டு வருகிறதே! உள்ளே நாலு பக்கம் கூடியிருக்கும், விலை நாற்பது ரூபாய் கூடியிருக்கும். போக்கிமானிலும் அந்த வியாபாரம் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். 1998-ல் எல்லோ, 2000-ல் கிரிஸ்டல், 2004-ல் எமரால்டு, 2008-ல் பிளாட்டினம் என்று ஒரே ஊரை மறுபடி மறுபடி முழு விலைக்கு விற்றார்கள். பிற்பாடு அதை விட்டுவிட்டு, 2020 முதல் பழைய கேமுக்கே கூடுதல் பகுதிகளைத் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு கொடுக்க ஆரம்பித்தார்கள்.

ஆனாலும் கிரிஸ்டலை நான் கைடு கணக்கில் சேர்க்க மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

கோல்டு, சில்வர் இரண்டும் பழைய கறுப்பு வெள்ளை கேம் பாயிலும் ஓடின. கிரிஸ்டல் கலர் மெஷினில் மட்டும் ஓடும்படி செய்தது. அதனால் போட்டிக்கு வரும் பிராணிகள் முதல்தடவையாக அசைந்தன. ஒன்று தலையை ஆட்டும், ஒன்று கண் சிமிட்டும், ஒன்று குட்டிக்கரணம் போடும். இப்போது பார்த்தால் "ப்பூ, இவ்வளவுதானா" என்று தோன்றும். 160-க்கு 144 புள்ளிகள் உள்ள திரையில் 251 பிராணிகளுக்கும் தனித்தனியாக அசைவு வரைந்திருக்கிறார்கள் என்று யோசித்தால் அந்த உழைப்பு புரியும்.

கதையும் கொஞ்சம் மாறியது. கதை நடக்கும் ஜோட்டோ என்ற நாடு, ஜப்பானின் கியோட்டோ, ஒசாகா, நாரா பக்கத்தைப் பார்த்து உருவாக்கியது. அதில் எக்ரூட்டீக் என்று ஒரு பழைய கோபுர நகரம். இரண்டு கோபுரங்களில் ஒன்று இடி விழுந்து எரிந்துபோனது என்றும், அந்தத் தீயில் இறந்த மூன்று பிராணிகளை வானத்துப் பறவை ஒன்று உயிர்ப்பித்தது என்றும் ஊரார் சொல்வார்கள். பெரிய கோபுரத்தையும் தல கதையையும் தினம் பார்த்தும் கேட்டும் வளர்ந்த நமக்கு அந்த ஊர் அந்நியமாகத் தெரியாது. உயிர் பெற்ற மூன்றில் சுய்கூன் என்பது தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிராணி. மற்ற கேசட்டில் அது எங்கேயோ ஓடிக்கொண்டே இருக்கும். கிரிஸ்டலில் அதுதான் கதையின் நடுநாயகம். வழியில் நின்று நம்மைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும். கடைசியில் கோபுரத்திலேயே எதிரே வந்து நிற்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் முதல் நிமிஷத்திலேயே வந்துவிடும். கேம் தொடங்கியதும், நீ பையனா, பெண்ணா என்று கேட்கும். அதற்கு முன் வந்த ரெட், கிரீன், எல்லோ, கோல்டு, சில்வர் எதிலும் இந்தக் கேள்வியே கிடையாது. எல்லாரும் பையன்தான். கேசட்டை வாங்கிய பெண் பிள்ளைகளும் தொப்பி போட்ட பையனாகத்தான் ஊர் சுற்ற வேண்டும். கிரிஸ்டலில்தான் முதல்தடவையாக ஒரு பொண்ணு, நீல முடியும் முதுகில் பையுமாக, வீட்டை விட்டுக் கிளம்பி ஊர் ஊராகப் போகிறாள். அம்மா "ஜாக்கிரதையாப் போ" என்று காசைச் சேமித்து வைக்கிறார், "தனியா எங்கடி போற?" என்று கேட்பதில்லை! என் தோழிகளுக்கு நான் ஏன் இதைப் பெரிசாகச் சொல்கிறேன் என்று புரியும்.

சேர்த்தது போல எடுத்ததும் உண்டு. மரீப் என்று மின்சாரக் கம்பளி போர்த்திய ஒரு செம்மறி ஆடு கோல்டிலும் சில்வரிலும் ஆரம்பத்திலேயே கிடைக்கும். கிரிஸ்டலில் எங்கே தேடினாலும் கிடையாது. வேண்டுமென்றால் கோல்டோ சில்வரோ வைத்திருப்பவரிடம் கேபிள் போட்டுத்தான் வாங்க வேண்டும். மேம்படுத்தியது என்றால் எல்லாம் கூடியது என்று நினைக்கக் கூடாது.

ஜப்பானில் இன்னொரு வசதியும் இருந்தது. செல்போனை மெஷினோடு இணைத்து, தூரத்தில் இருப்பவரோடு பிராணிகளை மாற்றிக்கொள்ளலாம். 2001 ஜனவரியில் தொடங்கிய அந்தச் சேவையை 2002 டிசம்பர் 14 அன்று நிறுத்திவிட்டார்கள். செலெபி என்ற அபூர்வ பிராணியைப் பிடிக்கத் தேவையான பந்தும் அந்தச் சேவை வழியாகத்தான் வந்தது. வெளிநாட்டுக் கேசட்டுகளில் அந்தப் பந்துக்கான நிரல் உள்ளேயே இருந்தும் வழி மூடியிருந்தது. 2018 ஜனவரியில் 3டி.எஸ். மெஷினுக்குக் கிரிஸ்டலைத் திரும்ப விட்டபோதுதான் மற்ற நாட்டுக்காரர்களுக்கும் அது கிடைத்தது. 2023 மார்ச்சில் அந்த மெஷினின் கடையையும் மூடிவிட்டார்கள்.

நடுவில் ஒரு முட்டை சமாசாரம். பிராணிகள் முட்டையிடுவதும், அதைத் தூக்கிக்கொண்டு நடந்தால் குஞ்சு பொரிப்பதும் கோல்டு, சில்வரில் ஆரம்பித்தவை. 2016-ல் செல்போனுக்கு வந்த போக்கிமான் கோ-வில் நிஜமாகவே நடக்க வேண்டும். 2 கிலோமீட்டர், 5, 10 என்று முட்டைக்கு முட்டை தூரம் உண்டு. நம் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பத்து கிலோமீட்டர் முட்டை ஒரே சுற்றில் பொரிந்துவிடும்! அந்த கேம் இந்தியாவுக்கு முறைப்படி வந்தது 2016 டிசம்பரில். அதற்கு முன்பே செப்டம்பரில், கோயில்களில் முட்டை கிடைப்பதாகக் காட்டுகிறார்கள் என்று குஜராத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டுவிட்டார்கள்.

சரி, இப்போது கேசட்டைத் திறந்து பார்ப்போம். நான் இந்தக் கட்டுரை எழுதுவதே இந்தப் பகுதிக்காகத்தான்.

உள்ளே ஒரு பச்சை போர்டு. அதில் முக்கியமாக இரண்டு நினைவகச் சிப்புகள். ஒன்று ரோம். கேம் முழுவதும் அதில்தான் இருக்கிறது, 2 மெகாபைட். கரென்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அழியாது. இன்னொன்று ராம், வெறும் 32 கிலோபைட். நாம் பிடித்த பிராணிகள், வாங்கிய பட்டயங்கள், நம் பெயர் எல்லாம் இதில்தான் 'சேவ்' ஆகிறது. ராமுக்கு ஒரு குணம் உண்டு. கரென்ட் போன அடுத்த நொடியே எல்லாவற்றையும் மறந்துவிடும். மெஷினை அணைத்தால் கரென்ட் போய்விடுமே, அப்புறம் எப்படி? அதற்காகத்தான் போர்டில் ஒரு பட்டன் பேட்டரியைப் பற்றவைத்திருக்கிறார்கள். அதன் பெயர் சி.ஆர். 2025. வருஷம் என்று நினைத்துவிடாதீர்கள். 20 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் தடிமன் என்று அர்த்தம்.

இந்தப் பேட்டரிக்கு இன்னொரு வேலையும் உண்டு. கோல்டு, சில்வர், கிரிஸ்டல் மூன்றிலும் நிஜக் கடிகாரம் ஓடுகிறது. நமக்கு ராத்திரி என்றால் கேமிலும் ராத்திரி. பூச்சி பிடிக்கும் போட்டி செவ்வாய், வியாழன், சனி மட்டும்தான். லாப்ரஸ் என்ற கடல் பிராணி வெள்ளிக்கிழமைதான் குகைக்கு வரும். மெஷின் அணைந்து அலமாரியில் கிடந்தாலும் நேரம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அதற்குக் கேசட்டுக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. ஆமாம், கிரிஸ்டலுக்குள் ஒரு கிரிஸ்டல்! குவார்ட்ஸை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று கியூரி சகோதரர்கள் 1880-ல் கண்டுபிடித்தார்கள். மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். இந்தச் சின்னப் படிகம் ஒரு நொடிக்கு 32,768 தடவை அதிரும்படி வெட்டப்பட்டது. அது என்ன அப்படி ஒரு எண்? இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போங்கள். 2-ன் 15-வது அடுக்கு 32,768. ஆகவே அதிர்வைப் பாதி, பாதியாகப் பதினைந்து தடவை குறைத்தால் சரியாக நொடிக்கு ஒரு துடிப்பு. நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்திலும் இதே எண்தான்.

பேட்டரி எவ்வளவு நாள் தாங்கும் என்று ஒரு கணக்குப் போட்டேன். சி.ஆர். 2025-ல் சுமார் 165 மில்லிஆம்பியர்-மணி இருக்கும். இருபது வருஷத்தில் 1,75,200 மணி நேரம். வகுத்தால் சராசரி ஒரு மைக்ரோஆம்பியருக்கும் கொஞ்சம் குறைவு. அதாவது, ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத்தான் குடித்துக்கொண்டு இருந்திருந்தால் இருபது வருஷம் தாங்கும். இதைவிடக் கொஞ்சம் கூடக் குடித்தாலும் சீக்கிரம் போய்விடும். கடிகாரம் இல்லாத முதல் ஜோடியை விட இந்த மூன்றுக்கும் பேட்டரி சீக்கிரம் தீர்ந்ததற்கு இதுதான் காரணம். பிற்பாடு வந்த எமரால்டில் சேவ் ஃபிளாஷ் நினைவகத்துக்கு மாறிவிட்டது. அதில் பேட்டரி செத்தால் கடிகாரம் மட்டும்தான் நிற்கும்.

இதில் எனக்கென்ன அக்கறை என்று கேட்கலாம். எங்க பெரியப்பா சிங்கப்பூரில் வேலை செய்தவர். 2002-ல் ஊருக்கு வந்தபோது பெரியம்மா மகனுக்கு ஒரு கோல்டும், மகளுக்கு ஒரு கிரிஸ்டலும் வாங்கியாந்தார். கேம் பாய் கலரின் திரையில் விளக்கு கிடையாது. அதனால் அண்ணனும் அக்காவும் டியூப் லைட்டுக்கு நேர் கீழே பாய் போட்டு ஆடுவார்களாம். "இது ஆம்பளப் பசங்க கேமு" என்று அண்ணன் சொல்ல, அக்கா தன் கேசட்டைப் போட்டு முதல் கேள்வியைக் காட்டினாங்களாம். அக்காவின் பெயர் ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. கேம் ஏழோடு நிறுத்திவிட்டது. முதலில் கிடைத்த முதலைக்குட்டிக்கு வீட்டு நாயின் பெயரையே வைத்தாங்க, 'கருப்பன்'. அந்த நாய் செத்து வருஷம் ரொம்ப ஆச்சு. கேசட்டுக்குள் கருப்பன் 61-வது லெவலில் இருக்குது.

அண்ணனின் கோல்டு 2016-லேயே போய்விட்டது. ஒரு நாள் போட்டுப் பார்த்தால் 'கன்டினியூ' என்ற வரியே இல்லை, 'நியூ கேம்' மட்டும்தான். ஆனால் அண்ணன் பிடித்ததில் ஒன்றே ஒன்று மிச்சம். கேபிள் வழியாக அக்காவுக்குக் கொடுத்த அந்த மரீப். ஒவ்வொரு பிராணியிலும் அதை முதலில் பிடித்தவரின் பெயர் பதிவாகி இருக்கும். ஆக அண்ணன் பெயரும் இப்போது அக்காவின் கேசட்டில்தான்.

போன வருஷம் அக்கா அந்தக் கேசட்டையும் மெஷினையும் எனக்குக் கொடுத்துட்டாங்க. போட்டதும் 'கன்டினியூ' வந்தது. உயிரோடு இருந்தது! ஆனால் சிக்கலே அங்கேதான். ஒரு கேசட்டில் ஒரே ஒரு சேவ்தான் வைக்க முடியும். நான் புதிதாக ஆடி சேவ் செய்தால் கருப்பன் போய்விடும். ஆடாமல் விட்டாலும் பேட்டரி தீர்ந்து போய்விடும். செல்போன் ரிப்பேர் கடை அண்ணன் பேனா மூடியை உருக்கி அந்த விசித்திர ஸ்க்ரூவின் மேல் அழுத்தி, அதையே திருப்புளியாக்கித் திறந்தார். மீட்டர் வைத்துப் பார்த்தால் 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2.5 இருந்தது. "மாத்தித் தரேன் பாப்பா, ஆனா உள்ள இருக்கிறது போயிடும்" என்றார். பேட்டரியைக் கழற்றும் அந்த ஒரு நிமிஷம் போதுமே ராமுக்கு. அக்காவிடம் போனில் சொன்னேன். "அழிஞ்சா அழியட்டும்டி, நீ ஆடு" என்றாங்க. சொன்ன குரல் எனக்குச் சரியாகப் படவில்லை. கேசட்டை அப்படியே மூடி வைத்தேன்.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் சொருகி, ராமில் இருப்பதை அப்படியே ஃபைலாக எடுக்கும் கருவி இருக்கிறது என்று தேடித் தெரிந்துகொண்டேன். அக்காவின் ஆபீசில் ஒருவரிடம் அது இருந்தது. தீபத்துக்கு ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தாங்க. இரண்டு தடவை காப்பி எடுத்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்த்தோம். மொத்தம் 32 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படத்தைவிடச் சின்னது!

பிறகு கடை அண்ணன் பழைய பேட்டரியை எடுத்துவிட்டு, காது வைத்த புதுப் பேட்டரியைப் பற்றவைத்தார். யாராவது செய்து பார்ப்பதாக இருந்தால் கவனியுங்கள். சாதாரணப் பட்டன் பேட்டரியின் மேல் நேராக ஈயம் வைக்கக் கூடாது, சூட்டில் வெடிக்கும் அபாயம் உண்டு. உலோகக் காது வைத்ததாகப் பார்த்து வாங்க வேண்டும். போட்டுப் பார்த்தால் 'கன்டினியூ' இல்லை. தெரிந்ததுதான் என்றாலும் யாரும் பேசவில்லை. ஃபைலைத் திரும்ப உள்ளே ஏற்றினோம். வந்துவிட்டது. நேரம் தவறாக இருக்கலாம், சரிசெய் என்று கேம் கேட்டது. கிழமையும் மணியும் அக்காதான் வைத்தாங்க. கருப்பன், மரீப் எல்லாம் வரிசையாக இருந்தன. மரீப் பக்கத்தில் அண்ணன் பெயர்.

இப்போது அந்த ஃபைல் நாலு இடத்தில் பத்திரமாக இருக்கிறது. அதனால் அக்கா முன்னாலேயே நான் 'நியூ கேம்' அழுத்தினேன். கேம் கேட்டது, பெண் என்று சொன்னேன். என் பெயர் ஏழு எழுத்துக்குள் முழுசாக அடங்கிவிட்டது.

இரண்டு பட்டயம் வாங்கியாச்சு. மூன்றாவதில் மூன்று வாரமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். விட்னி என்ற பெண்ணிடம் மில்டாங்க் என்று ஒரு பசு மாடு இருக்கிறது. அது உருண்டு வந்து மோதும். மோத மோத பலம் இரட்டிப்பாகும். 30, 60, 120, 240, 480. பெருக்குத் தொடர் வரிசை என்று நம் கணக்குப் புத்தகத்தில் வருகிறதே, அதேதான். நம் ஊரில் ஒரு மாடும் இந்த அளவுக்கு மோசமில்லை. அதே ஊரின் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் ஒருவர் மச்சாப் என்ற சண்டைக்காரப் பிராணியை மாற்றிக் கொடுப்பார், அதை வாங்கிக்கொண்டு போ என்று அக்கா சொல்லியிருக்காங்க. அரைப் பரீட்சை முடிந்ததும் போகப் போகிறேன்.

– பதினோராம் வகுப்பு மாணவி, கணிதப் பிரிவு, அடி அண்ணாமலை